கசூரினாவில் காற்று திரும்பிய நாள்: ஒரு பாய்ப்பலகை விடுமுறையின் நிகழ்வு ஆய்வு

நல்லூர்த் தீர்த்தம் முடிந்த நாலாம் நாள், பிற்பகல் 3.20 இற்கும் 4 மணிக்கும் இடையில், யாழ்ப்பாணத்துக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு நேர் வடக்கே என் அண்ணாவின் பிள்ளைகள் இருவர் பாய்ப்பலகைகளோடு, அதாவது விண்ட்சேர்ஃபிங் பலகைகளோடு, கடலுக்குள் அள்ளுப்பட்டுப் போனார்கள். கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் வைத்து ஒரு மீன்பிடி வள்ளம் அவர்களை ஏற்றி வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது, ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கரையைத் தெரிந்தெடுத்தவன் நான். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். பருவக்காற்றையும் கடற்காற்றையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன். கோடை விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகள் இப்போது கடல் விளையாட்டுச் சாமான்களோடு வந்து இறங்குகிறார்கள். அவர்களை எந்தக் கரைக்குக் கூட்டிப் போவது என்று தீர்மானிப்பது இங்கே இருக்கும் சித்தப்பாவும் மாமாவும்தான். அவர்களுக்காகவே அன்று நடந்ததை மணிக்கணக்கு வைத்து எழுதுகிறேன்.

பிள்ளைகளும் பலகைகளும்

விண்ட்சேர்ஃபிங்கை வீட்டில் நாங்கள் பாய்ப்பலகை என்றுதான் சொன்னோம். ஆளை மிதக்க வைக்கும் ஒரு பலகை, அதன் நடுவில் எப்பக்கமும் மடங்கும் ஒரு மூட்டு, மூட்டில் செருகிய பாய்மரம், கையால் பிடிக்க வளைந்த ஒரு தடி. சுக்கான் கிடையாது. பாயை முன்னுக்குச் சரித்தால் பலகை காற்றைவிட்டு விலகும், பின்னுக்குச் சரித்தால் காற்றை நோக்கித் திரும்பும். 1984 இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டு இது.

மூத்தவளுக்கு 24 வயது. சுவிற்சர்லாந்தில் சில்வாப்பிளானா ஏரியில் பழகியவள். அந்த ஏரியில் கோடை காலத்தில் மதியத்தோடு மலோயாக் காற்று என்று ஒன்று எழும்பும். வெயில் நாட்களில் மணிக்கூடு பார்த்தமாதிரி வந்து பின்னேரம்வரை நின்று வீசும். எந்தப் பக்கம் அடித்தாலும் ஏரிக்கு மறுகரை உண்டு, அங்கே போய் ஒதுங்கலாம். இந்த இரண்டு பழக்கமும், காற்று நிற்கும் என்ற நம்பிக்கையும் கரை வரும் என்ற நம்பிக்கையும், அவளோடு விமானத்தில் வந்திருந்தன. அது அவளுடைய பிழை இல்லை. யாரும் தாங்கள் பழகிய தண்ணீரின் புத்தியோடுதான் அடுத்த தண்ணீரில் இறங்குவார்கள்.

இளையவனுக்கு 19. போன வருடம்தான் தொடங்கினான். நேராக ஓடுவான், திரும்பத் தெரியும், எதிர்க்காற்றில் ஏறத் தெரியாது.

கொண்டுவந்தவை காற்றடித்து ஊதும் பலகைகள் இரண்டு. பாய்கள் 5.8 சதுர மீற்றரிலும் 4.7 சதுர மீற்றரிலும் ஒவ்வொன்று. சுருட்டிப் பையில் போடலாம் என்பதால் விமானப் பயணத்துக்கு இவைதான் வசதி. ஆனால் நல்ல பழகு பலகைகளில் நடுவில் கீழே இறங்கும் ஒரு தகடு இருக்கும்; பக்கவாட்டில் வழுக்காமல் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். இந்தப் பலகைகளில் அந்த இடத்தில் சின்னச் செட்டை மட்டும். காற்றுவாக்கில் ஓட அது போதும். எதிர்க்காற்றில் கரை பிடிக்க வேண்டிவந்தால் பலகை பக்கம் பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். இது அன்று மூன்றரை மணிக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

நான் கசூரினாவைத் தெரிந்தெடுத்த காரணம் எளிமையானது. தண்ணீர் அமைதி, நெடுந்தூரம் ஆழம் குறைவு, அடி மணல், நிழலுக்குச் சவுக்கு மரங்கள். குளிக்க வருபவர்கள் அத்தனை பேரும் சொல்லும் காரணங்கள். ஆவணியில் அந்தத் தண்ணீர் *ஏன்* அமைதியாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கசூரினா வடக்கே பார்த்த கரை. சோளகம் என்ற பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வருவது. முழுத் தீவையும் தாண்டி, பனையையும் சவுக்கையும் தாண்டி அது கடலுக்குள் இறங்குகிறது. கரையோரத்துக்கு மரங்கள் மறைப்பு. அமைதி என்று நாம் பார்ப்பது அந்த மறைப்பை மட்டும்தான். இருநூறு மீற்றர் தள்ளிப் போனால் மறைப்பு முடிந்து, காற்று முழுதாகக் கடலை நோக்கி அடிக்கிறது. அந்தப் பக்கம் பாக்கு நீரிணை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால்தான் கோடியக்கரை.

மூன்றாம் நாள்

பலகையோடு இறங்கிய முதல் இரண்டு நாளும் சோளகம் ஓய்ந்திருந்தது. காலையில் காற்றே இல்லை. பதினொரு மணிபோல வடமேற்கிலிருந்து கடற்காற்று மெல்ல எழும்பி, மாலை ஐந்துவரை கரையை நோக்கி வீசியது. விழுந்தாலும் கரைக்குத்தான் தள்ளுப்படுவார்கள். இளையவன் அந்த இரண்டு நாளில் நன்றாகத் தேறினான். நானும் சவுக்கின் கீழ் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளும் அப்படியே தொடங்கியது. 11.30 இற்குக் காற்று வந்தது. மத்தியானம் கரைக்கு வந்து சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். தண்ணீர் போத்தல் முடிந்திருந்தது, வாங்கப் பஞ்சிப்பட்டுத் திரும்ப இறங்கிவிட்டார்கள். காற்று உடம்பைக் குளிர்த்திக்கொண்டே இருப்பதால் வெயில் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று தெரியாது. பிறகு கால் பிடித்ததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

2.30 இற்குத் தெற்கே முகில் கட்டத் தொடங்கியது. கறுப்பு முகில் இல்லை, வெயிலை மறைக்கும் அளவுக்கு மப்பு. நிழல் பெரிதாகிறது என்று நான் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

3.10 இற்குக் காற்று செத்துவிட்டது. சவுக்கு இலைகளின் இரைச்சல் நின்றதும் கரையே வேறு இடம்போல ஆனது. தூரத்தில் யாரோ பிள்ளையைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. இளையவன் கரையிலிருந்து நானூறு மீற்றர் தள்ளி நின்றான். பாயைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் பலகையில் கால் நீட்டி இருந்தான். மூத்தவள் கரைக்கும் அவனுக்கும் இடையில்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி வந்தார். அறுபது வயதிருக்கும். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவருடைய மகன் படித்தவனாம்.

"மாஸ்டர், அது உங்கட பிள்ளையளோ? கரைக்கு வரச் சொல்லுங்கோ. சோளகம் திரும்பப் போகுது."

"காத்தே இல்லையே அண்ணை," என்றேன்.

அவர் மேற்கே கையைக் காட்டினார். அங்கே ஏழெட்டு வள்ளங்கள் நங்கூரத்தில் நின்றன. நீரோட்டம் பலமில்லாத இடத்தில் நங்கூரத்தில் நிற்கும் வள்ளம் காற்று வரும் பக்கத்துக்கே மூக்கை வைத்திருக்கும். மத்தியானம் எல்லாம் கடலைப் பார்த்து நின்றவை. இப்போது ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, ஒன்று ஒன்றோடு முட்டிக்கொண்டு என்று ஒழுங்கில்லாமல் நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேற்குக் கரை வளையும் இடத்தில், மரமறைப்பு இல்லாத இடத்தில் நின்ற வள்ளம் மெதுவாகத் திரும்பிக் கரையைப் பார்த்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஒருவர் பின் ஒருவராகத் தலை திருப்புவதுபோல.

நான் துவாயை எடுத்து வீசிக் கத்தினேன். மூத்தவள் பார்த்தாள். இளையவன் பார்க்கவில்லை.

3.20. முதுகில் காற்றுப் பட்டது. கரையில் அது பெரிய காற்றில்லை. ஆனால் கடலின் மேற்பரப்பில் கறுத்த சிராய்போல ஒரு கோடு எங்களை விட்டு விலகி வெளியே ஓடியது. அது இளையவனைத் தாண்டியதும் அவன் எழும்பிப் பாயைத் தூக்கினான். பாய் நிமிர்ந்ததும் அவனைத் தூக்கி முன்னால் எறிந்தது. திரும்ப ஏறினான், கயிற்றைப் பிடித்து இழுத்தான், திரும்ப விழுந்தான். ஒவ்வொரு முறை எழும்பி விழும்போதும் பத்து இருபது மீற்றர் அப்பால் போயிருந்தான்.

மூத்தவள் கரைக்கு வந்திருக்கலாம். தம்பியிடம் போனாள். போன பிறகு அவளாலும் திரும்ப முடியவில்லை.

கரையில் நின்றபோது எனக்குத் தெரியாத, பிறகு அவளிடம் கேட்டறிந்த ஒன்று இங்கே முக்கியம். தம்பியிடம் போய்ச் சேர்ந்ததும் அவள் ஓடிக் கரை பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டாள். இரண்டு பலகையையும் ஒட்ட வைத்து, பாய் தூக்கும் கயிற்றால் கட்டி, குறுக்கே படுத்துக்கொண்டாள். பாய்களைக் கழற்றி விடவில்லை. தண்ணீருக்குள் கிடக்கும் பாய் நங்கூரம்போல இழுத்துப் பிடித்து, அள்ளுப்படும் வேகத்தைக் குறைக்கும். நீந்திப் போவோம் என்று தம்பி சொன்னபோது பலகையை விட்டு ஒரு முழம்கூடப் போகக் கூடாது என்று அதட்டியிருக்கிறாள். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். உதவி வேண்டும் என்பதற்கு உலகம் முழுதும் உள்ள கடற்சைகை அது. ஒரு கையை வீசினால் சும்மா கை காட்டுகிறார்கள் என்று கரையில் நிற்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

வலை பொத்தியவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு பைபர் வள்ளத்தைத் தள்ளினார். 15 குதிரைவலு எஞ்சின். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை, மூன்றாவதில் பிடித்தது. போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் கண்ணை எடுக்காதேங்கோ. கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கோ."

சாப்பாட்டு மேசையொன்றின் மேல் ஏறி நின்றேன். பாய் விழுந்த பிறகு ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு ஆட்களைக் காண்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அறிந்தேன். அலைக்கு மேலே செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி ஒரு கணம் தெரியும், மறுகணம் இல்லை. வள்ளத்தில் இருப்பவருக்குக் கண்மட்டம் இன்னும் தாழ்வு. அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அவர் திரும்பித் திரும்பி என் கையைப் பார்த்தார். இமைக்கப் பயந்துகொண்டு, கோவளம் வெளிச்சவீட்டை இடது கண்ணின் ஓரத்தில் அடையாளமாக வைத்து, கையை நீட்டியபடி நின்றேன். 3.55 இற்கு வள்ளத்தின் சத்தம் மாறியது. எஞ்சினைத் தணித்துவிட்டார்கள்.

காற்று ஏன் திரும்பியது

காற்று அன்று புதிதாக ஒன்றும் செய்யவில்லை. வெயில் நிலத்தைச் சூடாக்கும்போது நிலத்தின் மேலுள்ள காற்று எழும்பி, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சோளகம் ஓய்ந்த நாட்களில் வடகரையில் இந்தக் கடற்காற்று அதை எதிர்த்து நின்று வெல்லும். சோளகம் போய்விடவில்லை, தள்ளி வைக்கப்பட்டிருந்தது. 2.30 இற்கு முகில் வெயிலை மறைத்தது. நிலத்தின் சூடு இறங்கியது. கடற்காற்றுக்கு உயிர் கொடுத்தது அந்தச் சூடுதான். அது போனதும் பத்து நிமிடம் இரண்டு காற்றும் சரிக்குச் சரி நின்றன, அதைத்தான் ஓய்வு என்று நாங்கள் எண்ணினோம். பிறகு சோளகம் தன் இடத்துக்குத் திரும்பியது.

பலத்தையும் சொல்ல வேண்டும். மத்தியானக் காற்று 8 நொட் இருக்கும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். திரும்பிய பிறகு 16 நொட்டுக்குக் குறையாது. இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் பாயில் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 5.8 சதுர மீற்றர் பாயில் 8 நொட் காற்று ஏறத்தாழ 6 கிலோ பாரம்போல இழுத்தால், 16 நொட் காற்று 24 கிலோவாக இழுக்கும். ஒரு மூட்டை சீமெந்தில் பாதியை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு ஆடும் பலகையில் நிற்க வேண்டும். இளையவன் விழுந்ததில் வியப்பில்லை.

எங்கே பிழை விட்டோம்

பிள்ளைகள் தொலைபேசியில் காற்று முன்னறிவிப்புப் பார்த்துத்தான் இறங்கினார்கள். "தென்மேற்கு, 12" என்றிருந்தது. அந்த முன்னறிவிப்பு பிழை என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் அதில் 12 ஐ மட்டும் வாசித்தோம், தென்மேற்கை வாசிக்கவில்லை. கடற்கரையில் நின்றபோது காற்று வடமேற்கிலிருந்து வந்தது. தொலைபேசி ஒன்று சொல்ல, முகத்தில் படும் காற்று வேறொன்று சொன்னால் அந்த முரணே ஓர் எச்சரிக்கை. முன்னறிவிப்பு பெரிய பரப்பின் காற்றைச் சொல்லும், ஒரு கரைக்கு மட்டும் உரிய கடற்காற்றை அது பெரும்பாலும் காணாது. அது சொன்ன தென்மேற்கு எங்கோ நிற்கிறது, எந்நேரமும் வரலாம் என்று நான் எண்ணியிருக்க வேண்டும்.

நீரிலும் நிலத்திலும் நடந்த மற்றப் பிழைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். பழகாதவனுக்கு எல்லை வைக்காதது பிழை. இரண்டு நல்ல நாளைப் பார்த்து மூன்றாம் நாளை நம்பியது பிழை. வள்ளம் ஒன்றை முன்கூட்டியே பேசி வைக்காதது பெரிய பிழை. அந்த மனிதர் அன்று அங்கே வலை பொத்திக்கொண்டிருந்தது எங்கள் ஏற்பாடு அல்ல. ஆனால் இவை அனைத்தும் நடந்திருந்தும், காற்று கரையை நோக்கி அடித்திருந்தால் இரண்டு பிள்ளைகளும் நனைந்து, களைத்து, மணலில் வந்து ஏறியிருப்பார்கள். வேகம் அல்ல, கரையைப் பொறுத்துக் காற்றின் திசைதான் அன்று தீர்மானித்தது. 20 நொட் காற்று கரைக்கு அடிக்கும் இடத்தில் விழுந்து எழும்பலாம். 10 நொட் காற்று கடலுக்கு அடிக்கும் இடத்தில் பழகாதவர் ஏறவே கூடாது.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று ஒவ்வொரு திசைக்கும் பெயர் வைத்த ஊர் இது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அந்த அறிவு கரையில் வலை பொத்துபவர்களிடம் இன்னும் இருக்கிறது. என் போன்றவர்கள் அதைப் பரீட்சை வினாவுக்கு விடையாக மட்டும் வைத்திருந்தோம்.

மிச்ச நாட்கள்

விடுமுறையை நிறுத்திவிடச் சொல்லி அண்ணா சுவிஸிலிருந்து சத்தம் போட்டார். மூத்தவள் மாட்டேன் என்றாள். நானும் அவள் பக்கம்தான் நின்றேன். பயத்தோடு திரும்பிப் போனால் இந்தக் கடல் அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் அந்த மாலையாகவே இருக்கும்.

கரையை மாற்றினோம். பண்ணைப் பாலம் தாண்டி வேலணையின் தென்கரையில் இருக்கும் சாட்டிக்குப் போனோம். அங்கே சோளகம் கடலிலிருந்து கரைக்கு வரும். தண்ணீர் கலங்கலாக, குறுகிய அலை அலையாக இருந்தது. இளையவனுக்கு முதல் நாள் பிடிக்கவே இல்லை. பலகையில் ஏறுமுன் அலை தள்ளிவிடுகிறது என்று குறைப்பட்டான். ஆனால் எத்தனை முறை விழுந்தாலும் பத்து நிமிடத்தில் கால் மணலில் பட்டது. பெரிய பாயைச் சுருட்டி வைத்துவிட்டு 4.7 ஐ மட்டும் மாறி மாறிப் பாவித்தார்கள். ஒருவர் தண்ணீரில், ஒருவர் கரையில். காரைநகர் வள்ளக்காரர் சொல்லிவிட்ட அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வள்ளத்தோடு நின்றார். கசூரினாவில் காப்பாற்றியவர் மண்ணெண்ணெய்க் காசைக்கூட வாங்க மறுத்தவர். இந்த முறை கூலி பேசித்தான் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

களப்புப் பக்கம் ஒரு நாள் பார்த்தோம். இடுப்பளவுத் தண்ணீர், பழக நல்ல இடம்போலத் தெரியும். ஆனால் சிறகுவலைத் தடிகளும் கடலட்டைப் பண்ணைகளின் வலைவேலிகளும் இருக்கும் இடங்களில் பாய்ப்பலகைக்கு வேலை இல்லை. செட்டை மாட்டினால் விளையாடுபவருக்கு ஒரு கீறல், தொழில் செய்பவருக்கு ஒரு நாள் உழைப்பு. அடியில் திருக்கை புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடக்க வேண்டும். அங்கே இறங்கவில்லை.

வாடைக் காலத்தில் கணக்குத் தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் காற்று கசூரினாவில் கரையை நோக்கி அடிக்கும், சாட்டியில் கடலை நோக்கி. ஐப்பசி, கார்த்திகை தாழமுக்கங்களின் மாதம், அப்போது இந்த எண்ணமே வேண்டாம். தை, மாசியில் வருபவர்கள் கசூரினாவைப் பார்க்கலாம், வள்ளத்தோடு. சோளகத்தில் அது குளிக்கும் கரை மட்டும். முறையான பயிற்சியும் மீட்பு வள்ளமும் வேண்டும் என்பவர்கள் புத்தளம் பக்கத்துக் கற்பிட்டிக்குப் போவது நல்லது, காற்று விளையாட்டுக்கு அங்கே ஏற்பாடு இருக்கிறது.

கடைசி நாள் காலை பத்து மணிக்குச் சாட்டியில் சாமான்களை இறக்கினோம். நல்ல வெயில், மிதமான காற்று. மூத்தவள் பலகையை விரித்துப் பம்பைச் செருகினாள். இளையவன் கண்ணுக்கு மேல் கையை வைத்து வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சித்தப்பா, அந்தக் கடைசி வள்ளம் மட்டும் மூக்கைத் திருப்புது."

மூவரும் பார்த்தோம். கடலைப் பார்த்து நின்ற ஐந்தில் கிழக்கோரம் நின்றது கரைப்பக்கம் பாதி திரும்பி, திரும்பக் கடலுக்குப் போய், திரும்பவும் கரைப்பக்கம் வந்தது. மூத்தவள் பம்பைக் கழற்றி மணலில் வைத்தாள். வீதியோரக் கடையில் மூன்று பிளேன்ரீ சொல்லிவிட்டு வந்து, பலகைக்குப் பக்கத்தில் இருந்தோம்.